நடைச்சீட்டுல என் பேருதான் இருந்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதத்துல ஒரு சார் எழுதியிருந்தாரு, மனுஷன்தான் இந்த பூமிக்கு வந்த சீக்கு, மனுஷன் ஒதுங்கிட்டா இயற்கை தன்னால சரியாயிரும், 2020 லாக்டவுன்ல பாத்தோம்லா, மயிலு ரோட்டுக்கு வந்துச்சு, வானம் சுத்தமாச்சுன்னு. ஸ்டாண்டுல சவாரி இல்லாத நேரமா பாத்து ரெண்டு தடவை வாசிச்சேன். நல்ல தமிழு, நல்ல மனசு, குத்தம் சொல்லல. ஆனா எனக்கு என்னமோ ஒப்பல. பதில் எழுதணும்னு தோணி நாலு நாளு சும்மா கெடந்தேன், ஏன்னா இந்த விஷயத்துல வாய் திறக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு வீட்டுக்காரியே கேட்டா. அவ கேட்டதும் சரிதான்.

நான் இப்போ சுசீந்திரம் பக்கத்துல ஆட்டோ ஓட்டுதேன். அதுக்கு முன்ன 14 வருஷம் டிப்பர் ஓட்டினேன். கல்லு, ஜல்லி, எம்சாண்ட், செம்மண்ணு, எது கேட்டாலும் அடிச்சிருக்கேன். ராத்திரி களியக்காவிளை தாண்டி கேரளாவுக்கு போயிட்டு விடியக்காலம் திரும்பி, ஒரு டீயக் குடிச்சிட்டு பகல்ல நாஞ்சில் நாட்டு வயலுக்கு மண்ணு. விழிஞ்சத்துல துறைமுகம் கட்டுனாங்கள்லா, கடலுக்குள்ள மூணு கிலோமீட்டர் அளவுக்கு அலைத்தடுப்புச் சுவர் போட எவ்வளவு கல்லு வேணும்னு யோசிச்சுப் பாருங்க, அந்தக் கல்லுல நம்ம மாவட்டத்து மலையும் இருக்கு. நம்ம மலைப்பாறைக்கு வயசு 50 கோடி வருஷத்துக்கு மேலயாம், ஒருநா ஆட்டோல ஏறுன காலேஜ் வாத்தியார் ஒருத்தரு சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் சரியா வரல, நான் எத்தனை மலைக்க கையக் கால ஏத்திக்கிட்டு போயிருப்பேன்னு எண்ணிக்கிட்டே கெடந்தேன். எங்களுக்கு அது லோடு, அவ்வளவுதான். வெடி போட்டு ஹிட்டாச்சி அள்ளி வண்டியில தட்டுனா அரை மணிக்கூறுல அடுத்த வண்டி.

அந்தக் கடிதத்துல எனக்கு ஒப்பாத விஷயம் இந்த மனுஷன்ங்க சொல்லுதான். மனுஷன் மலையை அழிச்சான், மனுஷன் குளத்தை மூடினான். ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு உண்டு சார். அதுல வண்டி நம்பர் இருக்கும், எங்க எடுத்தது எங்க இறக்குறது எத்தனை யூனிட்டு எத்தனை மணின்னு இருக்கும், டிரைவர் பேரு இருக்கும். மனுஷன்னு ஒரு பேரு நான் அதுல பாத்ததில்ல. பெரும்பாலும் என் பேருதான் இருந்துச்சு. சீட்டே இல்லாம ஓடுன நடையும் உண்டு, அதுல யாரு பேரும் இல்ல, அது வேற கதை. பொதுவா மனுஷன்னு சொல்லிட்டா பழி எல்லாத்துக்க தலையிலயும் கொஞ்சம் கொஞ்சம் விழும், யாருக்கும் பாரமா இருக்காது. குவாரி முதலாளியும், எங்க மாமாவும், காட்டுக்குள்ள இருக்க காணிக்காரப் பழங்குடி ஆளும், நானும் ஒரே மனுஷன் ஆயிருவோம். அது நியாயமா சொல்லுங்க.

மாமான்னு சொன்னேன்லா, அதைச் சொல்லிருதேன். எங்கம்மைக்க அண்ணன். தேரூர் பக்கம் 40 சென்ட் வயலு. கன்னிப்பூ கும்பப்பூன்னு வருஷத்துக்கு ரெண்டு போகமும் நெல்லு வெளஞ்ச பூமி. சின்னதுல லீவுக்குப் போவும்போ தொழிச் சேத்தை மரமடிச்சு சமப்படுத்தும்போ நானும் பலகையில ஏறி நின்னு விழுந்து எழும்பியிருக்கேன், பின்னாலயே கொக்கு கூட்டமா வரும், நம்ம காலுக்கு இடையில கிடக்க பூச்சியையும் தவளையையும் கொத்திக்கிட்டு, பயமே கிடையாது அதுகளுக்கு. அந்த வயலை மாமா 2019ல வித்தாரு. பேராசைன்னு யாரும் நினைச்சிராதீங்க. வலதுபக்கத்து வயலுக்காரன் மண்ணடிச்சு காம்பவுண்டு கட்டிட்டான், இடதுபக்கம் வாழை வச்சு பொறவு அதுவும் பிளாட்டு போட்டாச்சு. நடுவுல இருக்க வயலுக்கு சானல் தண்ணி வர வழியில்ல, மழைத்தண்ணி வந்தா வடிய வழியில்ல. நடவு நட்டா அழுகும், இல்லேன்னா காயும். ஒருத்தன் நிரப்புனா பக்கத்துல உள்ளவன் விவசாயம் பண்ண முடியாது, அவன் வித்துட்டுப் போனா அதுக்கடுத்தவன் முடியாது, இது இப்படியே ஏலா, அதாவது வயல்பரப்பு முழுக்க ஒண்ணொண்ணா சரிஞ்சுக்கிட்டே போவும். வெளியில இருந்து பாக்கவங்க விவசாயி நிலத்தை வித்துட்டான்னு ஒத்த வரியில முடிச்சிருவாங்க.

வாங்குனவரு மண்ணடிக்க மூணு வண்டி பேசுனாரு. அதுல ஒண்ணு நான். யாரு வயலுன்னு தெரிஞ்சுதான் போனேன், டியூ கட்டணும்லா.

இதுல ஒரு கணக்கு இருக்கு, டிப்பர் ஓட்டுன எல்லாருக்கும் மனப்பாடம். பத்து சென்டுன்னா 4356 சதுர அடி. ரோட்டு மட்டத்துக்கு தூக்க நாலடி மண்ணு வேணும்னு வச்சா 17,424 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட்டு, அப்போ 174 யூனிட்டு. நாலு யூனிட்டு பிடிக்க வண்டின்னா 44 நடை. மண்ணு அமுங்கும், அதுக்கு இன்னும் நாலஞ்சு நடை கூட்டிக்கிடுங்க. மாமா வயலு 40 சென்டு, அப்போ கிட்டத்தட்ட இருநூறு நடை. இது வண்டிக்காரன் கணக்கு. இன்னொரு பக்கத்துக் கணக்கை எனக்கு மாமாதான் சொல்லித் தந்தாரு. அவரு கலுங்கு மேல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு நடையை எண்ணிக்கிட்டிருந்தாரு, கோவமா ஒரு வார்த்தை பேசல. சாயங்காலம் நான் வண்டிய நிறுத்தி இறங்குனதும் கேட்டாரு, "மக்கா, இவ்வளவு மண்ணும் உள்ள வந்துட்டு. மழைக்கு இங்க வந்து நிக்குத வெள்ளம் இனி எங்கடே போவும்?" நான் என்ன சொன்னேன் தெரியுமா, மோட்டார் வச்சு அடிச்சு விட்டுருவாங்க மாமான்னு. அவரு சிரிச்சாரு. எங்க அடிச்சு விடுவாங்கன்னு கேக்கல, எனக்கும் அப்போ அது தோணல. 17,424 கன அடின்னா தண்ணியில கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர்னா 41 வண்டி. பத்து சென்டுக்கு மட்டும் 41 டேங்கர் தண்ணிக்கு இருந்த இடம் போச்சு, மாமா வயலுக்கு அதைப் போல நாலு மடங்கு.

2021 நவம்பர்ல அந்த மழை பெய்ஞ்சுதுல்லா, 12, 13 தேதி. பழையாறு கரை மீறி வந்துச்சு, ரோடு எது வயலு எதுன்னு தெரியல. நிரப்புன பிளாட்டுல வீடு கட்டுனவரு வாசல்ல ஒரு சொட்டு ஏறல, நாலடி உயரம்லா. தண்ணி நேரா பழைய ஊருக்குள்ள போச்சு, ஓட்டு வீடுங்க, எல்லாம் பள்ளம். மாமா வீட்டுல முட்டளவு. நான் போவும்போ அவரு அரிசிப் பானையை கட்டிலு மேல ஏத்திக்கிட்டிருந்தாரு, என்னைக் கண்டதும் "வா மக்கா, அந்தப் பக்கம் பிடி"ன்னாரு. மண்ணு விஷயம் ஒரு வார்த்தை எடுக்கல. ஏதாவது ரெண்டு வார்த்தை ஏசியிருந்தா எனக்கு கொஞ்சம் சமாதானமா இருந்திருக்கும். அடுத்த ஆறு மாசத்துல வண்டிய வித்தேன். மனசு மாறித்தான் வித்தேன்னு சொன்னா அது பொய், டீசலு விலையும் காரணம், முதுகுவலியும் காரணம்.

சரி, கடிதத்துக்கு வாறேன். மனுஷன் ஒதுங்கிட்டா இயற்கை பிழைச்சுக்கிடும்னு அந்த சார் சொல்லுதாரு. தேரூர் குளத்தை எடுத்துக்கிடுங்க. 2022ல சுசீந்திரம் தேரூர் குளங்களையும் வேம்பனூரையும் ராம்சார் பட்டியல்ல சேத்தாங்க. ராம்சார்ங்கது ஈரான்ல ஒரு ஊரு, 1971ல அங்க வச்சு உலக நாடுங்க கூடி சதுப்பு நிலம், குளம், கழிமுகம் இதையெல்லாம் காப்பாத்த ஒப்பந்தம் போட்டாங்க. தேரூர் பக்கம் 94 ஹெக்டேரு, வேம்பனூரு 20 ஹெக்டேருக்கு கொஞ்சம் குறைய. இந்த ரெண்டுமே மனுஷன் வெட்டுன குளம் சார். 9ஆம் நூற்றாண்டு செப்பேட்டுல இந்தப் பக்கத்துக் குளங்களுக்க பேரு வருதுன்னு ராம்சார் குறிப்புலயே இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்ன எவனோ மண்வெட்டி எடுத்து கரை போட்டான், மடை வச்சான், குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போவ மறுகாலு விட்டான், அதனாலதான் மத்திய ஆசியாவுல இருந்தும் சைபீரியாவுல இருந்தும் பறவை இங்க இறங்குது. கரையை யாரும் கவனிக்காம நாலு மழைக்காலம் விட்டுப் பாருங்க, கரை உடையும், குளம் வத்தும், மிச்சம் இருக்க தண்ணியில ஆகாயத்தாமரை மூடும். அந்த ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவுல இருந்து மனுஷன் கொண்டு வந்ததுதான், அதைப் பறிச்சுப் போடவும் மனுஷன்தான் வேணும்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, கேமரா தூக்கிட்டு வாற பிள்ளைங்களுக்கு இது தெரியாது. டிசம்பர் ஜனவரியில என் ஆட்டோல நிறைய பேரு வருவாங்க, துப்பாக்கி மாதிரி லென்ஸ். ஒரு பையன் திருவனந்தபுரத்துல இருந்து வந்தவன், நத்தைகுத்தி நாரையைக் காட்டித் தந்தான், அதுக்கு அலகு ரெண்டும் நடுவுல சேராது, இடைவெளி இருக்கும், நத்தையைப் பிடிச்சு உள்ள இருக்க சதையை எடுக்க அப்படி ஒரு அமைப்புன்னான். எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு. அப்புறம் அவன் கேட்டான், அண்ணே முன்ன மாதிரி எண்ணிக்கை இல்லியே, குளம் நிறைய தண்ணி இருக்கேன்னு. நான் சொன்னேன், தம்பி குளம் அதுக்கு படுக்க இடம், சாப்பாடு வயல்ல இருக்குன்னு. நத்தை, தவளை, வயல் நண்டு, சின்ன மீனு எல்லாம் முழங்கால் அளவு தண்ணி நிக்க வயல்லதான் கூடுதல். குளத்தை ராம்சார்னு போர்டு வச்சு காப்பாத்திட்டு சுத்தி இருக்க வயலை எல்லாம் நிரப்புனா, அது எப்படின்னா, விருந்தாளிக்கு கட்டிலு போட்டுட்டு அடுக்களையை பூட்டுன கதை. நெல்லு விளைஞ்சாத்தான் நாரை. நெல்லு விளைய விவசாயி வேணும், அவருக்கு வெல கட்டுப்படியாகணும். இங்க யாரு ஒதுங்கணும்னு அந்த சார் சொல்லுதாரு, எங்க மாமாவா?

ஒதுங்கினதுதான் சார் பிரச்சினையே. முன்ன கோடையில குளம் வத்தும்போ ஊரே இறங்கி வண்டல் அள்ளி வயலுக்குப் போடும். வயலுக்கு உரம் ஆச்சு, குளத்துக்கு தூர் வாரின மாதிரியும் ஆச்சு, ரெண்டு செலவு ஒண்ணுல முடிஞ்சுது. இப்போ வண்டலுக்கு அனுமதின்னு பேப்பர் வாங்கி, வண்டலுக்குக் கீழ இருக்க மண்ணையும் தோண்டி பிளாட்டுக்கு அடிச்ச கதை எனக்குத் தெரியும், நான் அதுல ஓடியிருக்கேன். ஆளு ஒதுங்குன இடத்துல வண்டி வந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். மழைக்கு முன்ன சானல் மராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆளு போன காலம் உண்டு, இப்போ சானல்ல பிளாஸ்டிக்கைப் போடதுக்கு வீட்டுக்கு ஒரு ஆளு போறோம்.

மனுஷன் செஞ்சதுல நல்லதும் கெட்டதும் கலந்துதான் கெடக்கு, பேச்சிப்பாறை அணையைப் பாருங்க. 1897ல தொடங்கி 1906ல முடிச்சாங்க, மூலம் திருநாள் மகாராஜா காலம், மிஞ்சின்ங்க ஒரு வெள்ளக்கார இஞ்சினியரு, அவரு அங்கேயே அடங்கியிருக்காரு. அந்த அணையால காடு முங்குச்சு, அதுவும் உண்மை, நாஞ்சில் நாடு சோறு தின்னுச்சு, அதுவும் உண்மை. ஆத்து மணலு கடலுக்குப் போய்ச் சேரது குறையும், அதுவும் உண்மைதான். மணக்குடியில இருந்து மீன் விக்க வாற அக்கா ஒருத்தி தினமும் என் வண்டியில வருவா, 2004 சுனாமியில அங்க பாலமே அடிச்சுட்டுப் போச்சே, அந்த ஊரு. அவ சொல்லுவா, தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள்ள போடுத கல்லுச் சுவரு கேட்டு நாங்க ரோட்டுல உக்காந்தோம், போட்டாங்க, எங்க பக்கம் மணலு நிக்கி, இப்போ அடுத்த ஊருக்காரன் ரோட்டுல உக்காந்திருக்கான்னு. கடலுல மணலு கரையோடு ஓடிக்கிட்டே இருக்குமாம், நடுவுல கல்லைப் போட்டா ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும். அந்தக் கல்லையும் மலையில இருந்து நாங்கதான் கொண்டு வந்து தட்டுனோம். கடற்கரை மணல்ல இருந்து எடுக்க தாது விஷயம் எழுதப்போனா தனி கடிதம் வேணும், கிள்ளியூர் பக்கம் 1144 ஹெக்டேர்னு பேசுதாங்க, அதை அந்தப் பக்கத்துக்காரங்க எழுதட்டும், நான் பாக்காததை எழுத மாட்டேன்.

ரப்பரைப் பத்தி ஒரு வரி. குலசேகரம் பக்கம் போனா எங்க பாத்தாலும் பச்சை, வெளியூருக்காரன் ஆகா என்ன காடுன்னு போட்டோ எடுப்பான். அது காடு இல்ல, தோட்டம். உள்ள போய் நின்னு பாருங்க, ஒரு குருவிச் சத்தம் கேக்கதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு. 2017 ஒக்கிக் காத்துல அந்த மரங்க ஒடிஞ்சு கெடந்த கெடையை நான் பாத்தேன், ரோடு முழுக்க. அந்த ராத்திரி கடல்ல போன ஆளுங்க கணக்குக்கு முன்ன மரக்கணக்கு பெரிசில்ல, அதனால விடுதேன்.

கேரளாவுல 2008லயே நெல்வயலையும் நீர்நிலத்தையும் நிரப்பக் கூடாதுன்னு தனிச் சட்டம் போட்டுட்டாங்க. அங்க அது முழுசா நடக்குதான்னு கேக்காதீங்க, ஆனாலும் ஒரு பயம் இருக்கு, டிரைவர் பயக்களுக்கே இருந்துச்சு, அங்க கல்லு இறக்க யோசிக்க மாட்டோம், வயல்ல மண்ணு இறக்கணும்னா நூறு யோசனை. நம்ம தமிழ்நாட்டுல 2020ல டெல்டாவுக்கு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துச்சு. நல்ல காரியம். நாஞ்சில் நாடு அதுல இல்ல. திருவிதாங்கூருக்கே நெல்லு கொடுத்த பூமி, 1956ல நாம தாய்த் தமிழ்நாட்டோட சேந்தோம், சேந்து இத்தனை வருஷம் ஆச்சு, வயலு மட்டும் எந்தக் கணக்குலயும் சேரல. இந்தப் பக்கம் கல்லு அங்க போவுது, அங்க இருந்து கோழிக்கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும் இங்க வந்து கொட்டுதானுவ, பேப்பர்ல நீங்களே எத்தனை தடவை போட்டிருக்கீங்க.

இவ்வளவும் எழுதுனது உங்ககிட்ட ஒரு உதவி கேக்கத்தான். நீங்க தினமும் அணை நீர்மட்டம் போடுதீங்க, பேச்சிப்பாறை 48 அடியில எவ்வளவு, பெருஞ்சாணி 77 அடியில எவ்வளவுன்னு. எங்க மாமாவுக்கு பேப்பர்ல மத்த எதுவும் வேண்டாம், அதை மட்டும் பாத்துட்டு மடிச்சு வச்சிருவாரு. அதுக்குக் கீழ தினமும் ஒரே ஒரு குளத்தைப் போடுங்க. குளத்துக்க பேரு, வருவாய்த்துறை பழைய ரெக்கார்டுல எத்தனை ஏக்கரு, இன்னைக்கு அளந்தா எத்தனை, மடை வேலை செய்யுதா, மறுகாலு எங்க போவுது. நம்ம மாவட்டத்துல ரெண்டாயிரத்துக்கு மேல குளம் உண்டு, ஒரு நாளைக்கு ஒண்ணு வச்சு போட்டாலே அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடும். நிருபர் எல்லா இடத்துக்கும் போவ முடியலன்னா அந்தந்த ஊருக்காரங்களே எழுதி அனுப்புவாங்க, பழைய ஆளுங்க இன்னும் நாலு பேரு இருக்காங்க, இப்போ கேட்டாத்தான் உண்டு.

முதல்ல எங்க ஊரு குளத்தைப் போடுங்க. மறுகாலு எதுன்னு கேட்டா நானே வந்து காட்டுதேன். அதுக்கு மேலதான் எங்க ஆட்டோ ஸ்டாண்டு இருக்கு, அதுக்கு மண்ணடிச்சதும் என் வண்டிதான்.

இப்படிக்கு,
ஒரு ஆட்டோ டிரைவர்,
சுசீந்திரம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.